கோலாலம்பூரில் மாண்ட கினிப்பன்றிகள்

பெக்கான் நானாஸ் என்னும் மலாய்ப் பெயரைத் தமிழாக்கினால் 'அன்னாசிப்பட்டி' என்று வரும். ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் உள்ள இவ்வூரைச் சூழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி, மக்கிய மரமும் இலையும் நீரில் ஊறிக் கறுத்துக் கிடக்கும் சதுப்பு மண். 'பாரிட்' என்று மலாயர் சொல்லும் நீண்ட வாய்க்கால்களை வெட்டி நீரை வடித்த பின்னரே அங்கு அன்னாசியும் ரப்பரும் செம்பனையும் வேர்கொண்டன. அவ்வகை ஈர மண்ணில் கால் புதைய நின்று பாடுபட்டோர்க்குக் காய்ச்சல் புதிதன்று. மலேரியாவை அவர்கள் நன்கு அறிவர், எலிக்காய்ச்சலைக் கேள்விப்பட்டிருப்பர். ஆனால் இந்நாட்டு மண்ணிலேயே குடியிருக்கும் ஒரு கிருமி, காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியே நுழைந்து, நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை எழுப்பி, குருதி முழுவதையும் நஞ்சாக்கிச் சில நாள்களுக்குள் ஆளைக் கொல்லவல்லது என்பதைத் தோட்ட மக்களுள் பலர் இன்றும் அறியார்.

அந்நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். அது குருதியில் பரவி முற்றிய நிலையை, பிற கிருமிகளால் வரும் அத்தகைய நிலைகளோடு சேர்த்து, மருத்துவர் செப்சிஸ் என்பர். அழுகுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. 'இரத்தத்திலே விஷம் ஏறிவிட்டது' என்று நம்மவர் கூறுவதும் இதனையே. புண்ணிலோ குடலிலோ நுரையீரலிலோ தொடங்கிய தொற்று ஒன்று, உடம்பின் காவற்படையை நிலைதடுமாறச் செய்கிறது. அப்படை பகைவனோடு போர்புரியும் வேகத்தில் தன் கோட்டையையே இடித்துத் தள்ளுகிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது, சிறுநீரகம் நின்றுபோகிறது, மூச்சு முட்டுகிறது. கிருமியைக் கொல்லும் மருந்து கைவசம் இருந்தும் நோயாளி இறந்துபோவது இதனாலேயே.

இத்தகைய நோய்க்கு ஒரு புதிய மருந்தைக் காண்போர், அதனை முதலில் எந்த உடம்பில் சோதித்துப் பார்ப்பது? மனிதனிடமா? விலங்கிடமா? விலங்கு சொல்லும் விடை மனிதனுக்கும் பொருந்துமா? இன்று மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில், சுண்டெலியின் உடம்பில் மனிதக் குருதியணுக்களை வளர்த்து, 'மனிதமாக்கப்பட்ட எலி' என்று பெயரிட்டுச் சோதனை செய்கிறார்கள். அவ்வெலி பிறந்ததற்கு ஒரு நீண்ட காரணம் உண்டு. அக்காரணத்தின் முதற்பக்கங்கள் சில நம் நாட்டில், நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்டவை.

கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900-ஆம் ஆண்டில் தோன்றியது. அக்காலத்தில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் பெரிபெரி என்னும் நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கால் வீங்கும், அல்லது மரத்துப்போகும், இதயம் தளரும், சாவு திடீரென்று வரும். கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட், இதனை ஒரு கிருமி நோய் என்றே கருதினார். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் வேறொன்றைக் கண்டார். ஒரே ஊரில், ஒரே வெயிலிலும் மழையிலும் வாழும் மூன்று இனத்தாருள் சீனர்க்கே இந்நோய் மிகுதியாய் வந்தது. தமிழர்க்கு அரிதாகவே வந்தது. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. ஊரிலிருந்து கப்பலேறி வந்தபோது நம் மக்கள் கொண்டுவந்த பழக்கங்களுள் சிலவற்றை நாகரிகம் அறியாதவை என்று துரைமார் எள்ளியதுண்டு. நெல்லை அவித்துக் குத்தும் பழக்கம் அவர்கள் உயிரைக் காத்தது என்பது 1907-இல் பிராடன் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே பலர்க்கும் விளங்கலாயிற்று.

கருத்தைச் சொன்னால் போதுமா? மெய்ப்பிக்க வேண்டுமன்றோ? அதனைச் செய்தவர் டாக்டர் வில்லியம் பிளெச்சர். 1905-ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர்ப் பித்தர் விடுதியில் இருந்தோரை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றையெண் வந்தவர் ஒரு பக்கம், இரட்டையெண் வந்தவர் மறுபக்கம். ஓர் அணிக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறு; மற்ற அணிக்குப் புழுங்கலரிசிச் சோறு. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இது நடந்தது. பச்சரிசி உண்ட அணியில் முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி அணியில் நோய் கண்டவர் இருவரே. அவர்களும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். சோதனை என்ற வகையில் இது பழுதற்றது; இன்றைய நூல்களும் இதனை எடுத்துக்காட்டுகின்றன. ஆயினும் அந்தப் 18 பேரிடம் ஒப்புதல் கேட்டவர் யார்? கேட்டிருந்தாலும் சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்களா? அக்காலத்தில் சிறைச்சாலையும் பித்தர் விடுதியும் கூலி லயமுமே ஆய்வுக்கூடங்களாக விளங்கின என்பதை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை.

பின்னர்ப் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு வட்டாரத்தில் சாலை வெட்டும் வேலைக்கு வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி இதே சோதனையைச் செய்தனர். அரிசியை மாற்றியபோது நோயும் அணி மாறியது. அதன் பின்னரே அவர்கள் கோழியிடம் சென்றனர். ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் முடங்குவதை முன்னரே கண்டிருந்தார். கோலாலம்பூர்க் கோழிகளுக்கும் அவ்வாறே முடங்கியது. தவிட்டைக் கொடுத்தபோது அவை எழுந்து நடந்தன. ஆகவே தவிட்டில் உள்ள ஏதோ ஒன்றே உயிர்நிலை என்பது உறுதியாயிற்று. அந்த ஒன்றைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கோழி சொன்ன விடையும் மனிதன் சொன்ன விடையும் ஒன்றாகவே இருந்தன. தமிழ் வீட்டுக் கொல்லையில் மேயும் கோழி, மனிதனுக்காகச் சாட்சி சொல்லியது, சாட்சி பொய்க்கவில்லை. விலங்கை நம்பலாம் என்னும் துணிவு ஆய்வாளரிடம் வேரூன்றியதற்கு இத்தகைய வெற்றிகள் காரணமாயின. ஆனால் பெரிபெரி, உணவில் ஒன்று குறைவதால் வரும் நோய். கிருமி புகுந்து குருதி நஞ்சாகும் நோயில் அதே துணிவு எவ்வளவு தூரம் செல்லும்?

இவ்வினாவுக்கு விடை காண, கோலாலம்பூரைச் சற்றே விட்டு ரங்கூனுக்குச் செல்ல வேண்டும். 1911-இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் பிணச்சோதனை செய்துவந்தவர் கேப்டன் ஆல்பிரட் விட்மோர். அவருடன் பணிபுரிந்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. ரங்கூன் அந்நாளில் பாதி இந்திய நகரம். தெருவில் ஆதரவற்றுக் கிடந்து, மார்பீன் ஊசிக்கு அடிமையாகி மாண்டவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது, நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. குதிரைகளுக்கு வரும் 'கிளாண்டர்ஸ்' என்னும் நோயை அவை ஒத்திருந்தன. ஆனால் இறந்தவர்களோ குதிரையோடு தொடர்பில்லாதவர்கள். கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தனர். அது குதிரை நோய்க் கிருமியைப்போல் அசைவற்றுக் கிடக்காமல் நீந்தித் திரிந்தது. வளர்ப்புக் கூழில் விரைந்து செழித்தது. சுருக்கம் விழுந்த படலமாய்ப் படர்ந்தது. விலங்குகளின் உடம்பில் அதனைச் செலுத்தியபோது அவற்றுக்கும் நோய் கண்டது. இது புதிய நோய், புதிய கிருமி என்று இருவரும் அறிவித்தனர். உலக மருத்துவ நூல்கள் பலவற்றில் விட்மோரின் பெயர் நிலைத்துவிட்டது. 'விட்மோர் நோய்' என்றே சிலர் அதனை வழங்குவர். கிருஷ்ணசாமியின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இனிக் கோலாலம்பூருக்கு மீள்வோம். 1913-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கழகத்தின் விலங்குக் கொட்டிலில் கினிப்பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. (பெயரில் பன்றி இருப்பினும் அது எலியினத்தின் உறவு, வாலில்லாத சாதுவான உயிர்.) யாரும் அவற்றுக்கு ஊசி போடவில்லை, நோய் தானே வந்தது. அதனை ஆராய்ந்தவர், பித்தர் விடுதியில் அரிசிச் சோதனை நடத்திய அதே பிளெச்சர். கொட்டிலில் கொள்ளைநோய் வந்து விலங்குகள் சாவது ஆய்வுக்கூடங்களில் நிகழக்கூடியதே. அதனை அத்துடன் மறந்திருக்கலாம். ஆனால் 1917-இல் ரப்பர்த் தோட்டத் தொழிலாளியான ஒரு தமிழரின் உடம்பிலிருந்து, ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்ட அதே கிருமியை ஸ்டாண்டன் பிரித்தெடுத்தார். கொட்டிலில் மாண்ட கினிப்பன்றிகளின் கிருமியும் அதுவே என்பது தெளிவாயிற்று.

அத்தொழிலாளியின் பெயரை வரலாற்று நூல்கள் சொல்வதில்லை. எந்தத் தோட்டத்தில் மரம் வெட்டினார், எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதும் அவற்றில் இல்லை. 'ஒரு தமிழ்க் கூலி' என்னும் அளவோடு அவர் மருத்துவ வரலாற்றில் நிற்கிறார். மலாயாவில் இந்நோயின் மனித வரலாறு அவரிடமிருந்து தொடங்குகிறது.

1921-இல் ஸ்டாண்டனும் பிளெச்சரும் இந்நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டனர். கழுதைக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் 'மெலிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லையும், ஒத்தது என்னும் பொருளுடைய 'எய்டோஸ்' என்பதையும் இணைத்துப் படைத்த பெயர் அது. 1932-இல் இருவரும் தம் இருபதாண்டு உழைப்பை ஒரு தனி நூலாக்கினர். அதுவரை அறிந்த 83 நோயாளிகளின் கணக்கு அதில் உள்ளது. அவர்களுள் ஏறக்குறைய எல்லாருமே இறந்தவர்கள்.

அவ்வளவு அரிய நூலிலும் ஒரு பிழை புகுந்தது. அப்பிழைதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது. கொட்டிலில் கினிப்பன்றிகள் மாண்டன. முயல்களுக்கு நோய் கண்டது. காட்டெலிகளிடமும் கிருமி கிடைத்தது. எனவே இது எலியினத்தின் நோய். எலியின் கழிவு பட்ட உணவாலேயே மனிதனுக்குத் தொற்றுகிறது என்று அவர்கள் முடிவு செய்தனர். விலங்கு காட்டிய வழியில் சென்றவர்கள் விலங்கிடமே நின்றுவிட்டனர். காலுக்குக் கீழே கிடந்த மண்ணை யாரும் எண்ணவில்லை. எலியும் மனிதனைப்போல் அந்த மண்ணால் நோயுற்ற மற்றோர் உயிரே என்பது பின்னர்த்தான் தெரிந்தது. 1955-இல் ஷாம்போன் என்பவர் இந்தோசீனாவின் சேற்றிலிருந்து கிருமியை எடுத்துக் காட்டினார். 1960-களில் ஸ்ட்ராஸ், குரோவ்ஸ், மாரியப்பன், எல்லிசன் ஆகியோர் இங்கே மலேசியாவின் மண்ணையும் நீரையும் ஊர் ஊராக அள்ளிச் சோதித்து 1969-இல் முடிவை வெளியிட்டனர். அடர்ந்த காட்டில் கிருமி குறைவு. காட்டை அழித்துத் திருத்திய ஈரநிலங்களில், சிறப்பாக நெல்வயல்களில், மிகுதி. ஸ்டாண்டன், பிளெச்சரின் நூலுக்கும் இதற்கும் இடையே 37 ஆண்டுகள். ரங்கூனில் ஒரு கிருஷ்ணசாமி, கோலாலம்பூரில் ஒரு மாரியப்பன் என்று இவ்வரலாற்றில் தென்னாட்டுப் பெயர்கள் இப்படி இடையிடையே தலைகாட்டுவதைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

நோய் எங்கிருந்து வருகிறது என்பதில் விலங்கு வழிதவறச் செய்த கதை இது. நோயாளியைக் காக்கும் மருந்தைத் தேடுவதில் அது தவறச் செய்த கதை இன்னும் பெரிது. அது மெலியோய்டோசிஸ் ஒன்றைப் பற்றியதன்று. குருதி நஞ்சேறும் நோய்கள் அனைத்தையும் பற்றியது.

கினிப்பன்றி இருந்த இடத்தை நாளடைவில் சுண்டெலி பிடித்துக்கொண்டது. விலை குறைவு, விரைவில் குட்டி போடும், உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, அச்சில் வார்த்தாற்போல் ஒரே மரபுடைய எலிகளை ஆயிரக்கணக்கில் பெறலாம். செப்சிஸை அவற்றிடம் உண்டாக்க இரு வழிகள் பெரிதும் வழங்கின. ஒன்று, கிருமியின் உடற்சுவரில் உள்ள நஞ்சைப் பிரித்து ஊசி வழியே ஏற்றுவது. மற்றொன்று, பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையைக் கட்டி அதில் ஊசியால் துளையிட்டுவிடுவது. குடலில் உள்ள கிருமிகள் கசிந்து வயிற்றுக்குள் பரவும். இரண்டாவது முறையை 1980-இல் வகுத்துரைத்தவர்களுள் சவுத்ரி என்பவரும் ஒருவர். குடல் ஓட்டையான மனிதனுக்கு நேர்வதை இம்முறை ஓரளவு ஒத்திருப்பதால், இது பெருவழக்காயிற்று.

1985-இல் அமெரிக்காவில் பாய்ட்லர், மில்சார்க், செராமி ஆகிய மூவர் ஒரு செய்தி வெளியிட்டனர். கிருமி நஞ்சு ஏறியதும் எலியின் உடம்பே டி.என்.எப். என்னும் ஒரு பொருளைச் சுரக்கிறது. எலியைக் கொல்வதில் பெரும்பங்கு அப்பொருளுக்கே உரியது. அதனை முடக்கும் எதிர்ப்பொருளை முன்கூட்டியே கொடுத்தால் எலி பிழைத்துக்கொள்கிறது. மருத்துவ உலகில் பெருநம்பிக்கை பிறந்தது. 1990-களில் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் இவ்வழியில் பல மருந்துகள் சோதிக்கப்பட்டன. எலியைக் காத்தவை மனிதனைக் காக்கவில்லை. பபூன் குரங்குகளிடம் பயன்தந்த வேறொரு மருந்து, டுரோட்ரெகோஜின் ஆல்பா என்னும் பெயரில் 2001-இல் அமெரிக்க அரசின் இசைவையும் பெற்றது. மறுசோதனையில் அதனால் உயிர்ப்பயன் இல்லை என்று கண்டு 2011-இல் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றனர். பத்தாண்டுகள் அது நோயாளிகளின் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

ஏன் இவ்வாறு? ஒரு காரணம் வெளிப்படையானது. எலிக்குக் கொடுத்த மருந்து, நோய் வருமுன்னரோ வந்த சில நாழிகைக்குள்ளோ கொடுத்தது. தோட்டத்து நோயாளி எப்போது வருகிறார்? இரண்டு நாள் காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு, டிரெசரிடம் மாத்திரை வாங்கி விழுங்கிப் பார்த்து, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மருத்துவமனைக்கு வருகிறார். மற்றொரு காரணம் உள்ளே இருப்பது. கிருமியின் உடற்சுவர் நஞ்சை எலி எளிதில் தாங்கும். ஓர் எலியை வீழ்த்த வேண்டிய அளவில், எடைக்கு எடை, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே மனிதனைச் சாய்க்கப் போதும். குப்பையிலும் சாக்கடையிலும் வாழப் பிறந்த இனத்துக்கு இயற்கை அளித்த காப்பு அது எனலாம்.

எலி பயனற்றது என்று இதனாற் சொல்லிவிடக் கூடாது. அந்நஞ்சைச் சிறிதும் பொருட்படுத்தாத ஓர் எலிக்குலம் இருந்தது. அதன் மரபணுவில் எது பழுது என்று பாய்ட்லர் தேடினார். 1998-இல் விடை கிடைத்தது: நஞ்சை உடம்பு இனங்காணும் வாயிற்காவலனே அவ்வெலியிடம் ஊனமாயிருந்தது. அதே காவலன் மனித உடம்பிலும் உண்டு. இக்கண்டுபிடிப்புக்காக அவர் 2011-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மேற்சொன்ன மருந்து கைவிடப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதே 1998-இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், மெலியோய்டோசிஸ் கிருமியை இருவகை எலிகளிடம் செலுத்திப் பார்த்தனர். பால்ப்-சி என்னும் வெள்ளெலிகள் சில நாள்களில் மாண்டன. சி57 என்னும் கறுப்பெலிகள் தாக்குப்பிடித்து நெடுநாள் நோயுற்றன. ஒரே சேற்றில் நின்ற இருவருள் ஒருவர் மூன்று நாளில் இறக்க, மற்றவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பது ஏன் என்பதை ஆராய இது ஒரு வாயில் திறந்தது.

2013-இல் அமெரிக்க அறிவியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்த ஒரு கட்டுரை இவ்விவாதத்தைக் கொதிநிலைக்குக் கொண்டுசென்றது. தீக்காயமும் விபத்துக்காயமும் பட்ட நோயாளிகளின் குருதியணுக்களில் எந்த மரபணுக்கள் விழித்தெழுந்தன என்று கணக்கெடுத்து, அதே துன்பத்துக்கு ஆளாக்கிய எலிகளின் கணக்கோடு ஒப்பிட்டனர். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒற்றுமையே இல்லை என்றனர். மறு ஆண்டில் ஜப்பானியர் இருவர் அதே புள்ளிகளை எடுத்து, வேறு முறையில் கணக்கிட்டு, ஒற்றுமை மிகவும் உண்டு என்று அதே ஏட்டில் எழுதினர்! ஒரே கணக்கு, இரண்டு விடை. முன்னவர் கூற்று மிகை என்று கொள்ளலாமாயினும், அத்தனை மருந்துகள் தோற்றதற்குப் பின்னவர் கூற்றில் விளக்கம் இல்லை.

மனிதக் குருதியணுக்களை எலியின் உடம்பிலேயே வளர்த்துவிட்டால் என்ன என்னும் எண்ணம் இத்தோல்விகளுக்கு முன்பே தோன்றியிருந்தது. 1983-இல் பிலடெல்பியாவில் பொஸ்மா என்பவர், நோயெதிர்ப்பு அணுக்களே உருவாகாத ஓர் எலிக்குலத்தைக் கண்டார். காவலர் இல்லாத கோட்டையில் அயலார் எளிதிற் குடியேறலாமன்றோ? 1988-இல் மெக்கியூன் குழுவினரும் மோசியர் குழுவினரும் தனித்தனியே மனித அணுக்களை அவ்வெலிகளிடம் குடியேற்றினர். ஆனால் குடியேறியவை நிலைக்கவில்லை. எலியிடம் எஞ்சியிருந்த ஒருவகைக் காவலணு அவற்றை ஒழித்தது. 2002-இல் ஜப்பானியரும், 2005-இல் அமெரிக்கரும் அந்த எச்சத்தையும் நீக்கிய எலிகளைத் தோற்றுவித்த பின்னரே மனித அணுக்கள் அங்கு வேரூன்றின.

செய்முறை இது. பிறந்த சில நாளே ஆன குட்டியின் எலும்பு மச்சையைச் சிறிதளவு கதிர்வீச்சால் வெறுமையாக்குவர். பின்னர் மனிதக் குருதியின் மூல அணுக்களை அதன் உடம்பிற் செலுத்துவர். அவை பெரும்பாலும் கிடைப்பது எங்கே? பிள்ளைப்பேற்று விடுதியில், தாயின் ஒப்புதலோடு, வெட்டி எறிய வேண்டிய தொப்புள்கொடியில் தங்கிய குருதியில். மூன்று திங்களுக்குள் எலியின் உடம்பில் மனித வெள்ளணுக்கள் ஓடத் தொடங்கும். பெயர் அறியாத ஒரு குழந்தையின் தொப்புள்கொடி உறவு இவ்வாறு ஓர் எலிவரை நீள்கிறது. பித்தர் விடுதியில் இறந்த 18 பேரை நினைத்துக்கொண்டு இதனைப் பார்ப்போர்க்கு, ஒரு நூற்றாண்டில் எது மாறியது என்பது தெரியும்.

இவ்வகை எலிகளைக் கொண்டு செப்சிஸை ஆராய்ந்த முதல் முயற்சிகளுள் ஒன்று 2009-இல் வெளிவந்தது. செய்தவர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் அன்சிங்கர், ஹாட்கிஸ் முதலியோர். குடற்பையைத் துளையிடும் பழைய முறையையே அவர்கள் கையாண்டனர், எலிதான் புதியது. நோய் முற்றியபோது, எலியின் குருதியில் மனிதப் போர்ச்சுரப்புகள் பெருகின. அதே வேளையில் மண்ணீரலில் மனித வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாகத் தாமே மடிந்தன. செப்சிஸால் இறந்த மனிதர்களின் மண்ணீரலில் ஹாட்கிஸ் முன்னரே கண்டிருந்த காட்சி அது. படை மிகையாகப் போரிடுவது மட்டுமே செப்சிஸ் என்று கருதிப் போரை அடக்கும் மருந்துகளையே தேடியவர்களுக்கு, படை தானே அழிவதும் நோயின் பாதி என்பதை இது மீண்டும் உணர்த்தியது. மறு ஆண்டில், டைபாய்டு கிருமியும் இவ்வகை எலியிடம் பற்றிப் பெருகுவதைக் காட்டினர். இயல்பான எலியை டைபாய்டு அண்டுவதில்லை. அது மனிதனுக்கே உரிய நோய். மனித அணுக்கள் இருந்தமையாலேயே அவ்வெலி மனித நோயைப் பெற்றது.

'மனிதமாக்கப்பட்ட எலி' என்னும் பெயர் உண்மையில் மிகைப்பெயர். மனிதக் குருதியணு பூண்ட எலி என்பதே பொருந்தும். அதன் இரத்தக் குழாயின் உட்சுவர் எலியுடையது, ஈரல் எலியுடையது, சிறுநீரகம் எலியுடையது. செப்சிஸில் கசிவதும் தளர்வதும் இவையே. மனித அணுக்களுக்குக் கட்டளையிடும் சுரப்புகள் பல எலியின் சுரப்புகளாதலால், அக்கட்டளைகளுள் சில அவற்றுக்குப் புரிவதில்லை. அயல்நாட்டில் மொழி தெரியாமல் நிற்கும் காவலர்களைப்போல் அவை விழிக்கின்றன. குடியேறிய அணுக்கள் சில வேளைகளில் எலியையே பகையாகக் கருதித் தாக்குவதும் உண்டு. கிருமியற்ற காற்றும் கிருமியற்ற தீவனமும் கொடுத்து, பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டியிருத்தலின் செலவும் மிகுதி. 2016-இல் மின்னசோட்டாவில் ஆய்வாளர் சிலர், ஆய்வுக்கூட எலிகளைக் கடையில் விற்கும் எலிகளோடு ஒரே கூண்டில் விட்டுப் பார்த்தனர். பல நோய்கள் தொற்றிச் சில மாண்டன; பிழைத்தவற்றின் நோயெதிர்ப்பு அமைப்பு, வளர்ந்த மனிதனுடையதை நெருங்கியிருந்தது. தூய்மையான கூண்டில் வளர்ந்த எலி பிறந்த குழந்தையைப் போன்றது என்பது அவர்கள் கண்ட உண்மை.

மெலியோய்டோசிஸ் நோயாளிகளின் உயிரைக் காத்த பெருந்திருப்பம் எலிக்கூண்டிலிருந்து வந்ததன்று. தாய்லாந்தின் உபோன் ராட்சதானி மருத்துவமனையில், செப்டாசிடைம் என்னும் மருந்தையும் பழைய மருந்துகளையும் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தனர். இறப்பு நூற்றுக்கு 74-இலிருந்து 37 ஆகக் குறைந்தது. அம்முடிவு 1989-இல் வெளிவந்தது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாவித்திரி புதுச்சேரி, பரசக்தி முதலியோர், குருதியில் இந்நோய் பரவிய 50 நோயாளிகளின் வரலாற்றை 1992-இல் தொகுத்தளித்தனர். இந்நோயை அடிக்கடி பற்றும் உடம்பு எது என்பது இத்தகைய தொகுப்புகளாலேயே தெளிவாயிற்று: இனிப்புநீர் நோயுள்ள உடம்பு. இந்நாட்டின் மூன்று பெரிய இனத்தாருள் இனிப்புநீர் மிகுந்திருப்பது இந்தியரிடமே. பெரிபெரிக் காலத்தில் நம்மவரைக் காத்த சோறு, இன்று வேறொரு கணக்கில் எதிர்ப்பக்கம் நிற்கிறது.

2010-ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்தின் லுபோக் யூ என்னும் அருவிப் பகுதியில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடி, மீட்புப் படையினரும் ஊர்மக்களுமாக 150-க்கு மேற்பட்டோர் இறங்கினர். பின்னர் அவர்களுள் பலர் காய்ச்சலுற்றனர்; 10 பேரிடம் மெலியோய்டோசிஸ் காணப்பட்டது; சிலரிடம் எலிக்காய்ச்சலும் கூடவே இருந்தது. 8 பேர் இறந்தனர், எல்லாரும் ஊர்மக்கள்.

ஆய்வுக்கூடத்து எலி பெரும்பாலும் இரண்டு மூன்று திங்கள் வயதினது; வேறு நோய் அறியாதது; சேற்றை மிதியாதது. இனிப்புநீர் நோயை முதலில் உண்டாக்கிப் பின்னர்க் கிருமியைச் செலுத்தும் சோதனைகளும், முதிர்ந்த எலிகளைக் கொண்டு செய்யும் சோதனைகளும் அண்மை ஆண்டுகளில் பெருகி வருகின்றன. மனிதக் குருதியணு பூண்ட எலியோ, அந்த முதுமைவரை வாழ்வது அரிது.